மூல ஆய்வுப் பிரிவுக்கு வந்த ஒரே நோயாளி

அனுப்புநர்:
நாளிதழ்ச் செய்தியாளர் (ஓய்வு),
மாடி வீடு, பின்வாசல் தெரு,
பல்கலைக்கழக ஆய்வு வளாகத்துக்கு எதிரே.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
ஆய்வுப் பிரிவுகள் மறுசீரமைப்பு அலுவலகம்,
பல்கலைக்கழக ஆய்வு வளாகம்.

பொருள்: மூல ஆய்வுப் பிரிவை மருத்துவப் பிரிவு எனக் கருதி, நோயாளிகள் வருவதில்லை என்ற காரணத்தால் இம்மாதம் 30ஆம் நாள் மூடுவதற்கு இடப்பட்ட ஆணையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மறுசீரமைப்புப் பட்டியல், வரிசை எண் 43.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். முப்பத்தெட்டு ஆண்டுகள் செய்தியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனு எழுதிப் பழக்கமில்லை; பிறர் எழுதிய மனுக்களைச் செய்தியாக்கித்தான் பழக்கம். இது புகார் மனு என்றாலும் இதில் நன்றிதான் அதிகம் இருக்கும். அந்த நன்றியைச் சொல்லாமல் புகாரை விளக்க முடியாது என்பதால் பொறுத்தருளும்படி கேட்டுக்கொள்கிறேன். பிறர் பேசியதைக் குறிப்பிடும் இடங்களில் என் குறிப்பேட்டில் உள்ளபடியே தந்திருக்கிறேன்.

1. பட்டியலின் 43ஆம் வரிசையில் கீழ்க்கண்டவாறு உள்ளது. பிரிவு: மூல ஆய்வு. சார்ந்த துறை: மருத்துவம். படுக்கைகள்: இல்லை. அறுவைச் சிகிச்சைகள்: இல்லை. மூன்றாண்டுகளில் வந்த நோயாளிகள்: ஒருவர். குறிப்பு: "அந்த ஒருவருக்கும் சிகிச்சை அளிக்கப்படவில்லை." பரிந்துரை: மூடலாம், அறையை ஒப்படைக்கவும், தாள்களைக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பவும்.

2. ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன். மேற்படி பிரிவு ஆராய்வது ஆசனவாயில் வரும் மூலத்தை அல்ல. ஒரு பழைய நூலோ கடிதமோ பதிவேடோ பல நகல்களாகக் கிடைக்கும்போது, அவற்றை ஒப்பிட்டு, முதன்முதலில் எழுதப்பட்டது எது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. அந்த முதல் எழுத்துக்குத்தான் மூலம் என்று பெயர். பிரிவில் இருப்பவர் ஒரே ஓர் ஆய்வாளர். முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் வாயில்காவலர் முதல் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றே அழைக்கிறார்கள். தங்கள் அலுவலகத்துக்கு நேர்ந்த குழப்பத்தை நான் குறை கூறமாட்டேன். அதே குழப்பம் என் வீட்டிலும் நேர்ந்தது. அதனால்தான் என் மைத்துனர் இன்று உயிரோடு இருக்கிறார்.

3. பட்டியலில் வரும் அந்த ஒரு நோயாளி என் மைத்துனர்தான். வயது ஐம்பத்தெட்டு. மூல நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நாளும் குறித்தாயிற்று. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும் என்று அங்கே சொன்னபோது, இவர்தான் கெஞ்சி மாற்றியிருக்கிறார். "எனக்கு ஒண்ணுமே தெரியக்கூடாது, முழுசா தூங்க வெச்சுடுங்க" என்று கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டார். இருந்தாலும் இன்னொரு மருத்துவரைக் கேட்டுவிடலாம் என்று என் மனைவி தன் தம்பியை வளாக மருத்துவமனைக்கு அனுப்பினாள். அவர் தவறான வாசல் வழியாக உள்ளே போய், காவலரிடம் "மூலத்துக்கு டாக்டர் எங்க இருக்காங்க?" என்று கேட்டார். காவலர் "மூணாவது மாடி, கடைசி ரூம். டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க" என்றார். கேள்வியிலும் பிழை இல்லை, பதிலிலும் பிழை இல்லை.

4. அடுத்து நடந்ததை இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதினேன். இரண்டு கூற்றுகளும் ஒத்துப்போகின்றன. ஆய்வாளர் "உக்காருங்க சார்" என்றிருக்கிறார். மைத்துனர் "அதுதாங்கம்மா பிரச்சினையே" என்றிருக்கிறார். இரண்டு மூன்று பேச்சுக்குப் பிறகு விஷயம் புரிந்து, ஆய்வாளர் சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மைத்துனருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பு கீழே விழுந்து தாள்கள் சிதறின. வேறு அறையாக இருந்திருந்தால் தாள்களைப் பொறுக்கிக் கொடுத்து வழியனுப்பியிருப்பார்கள். இந்த அறையில் இருப்பவருக்கு ஒரு தாளைக் கையில் எடுத்தால் படிக்காமல் கீழே வைக்கத் தெரியாது.

5. அவர் எடுத்த தாள், ஐம்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் இறந்தபோது மருத்துவமனை கொடுத்த குறிப்பின் தட்டச்சு நகல். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று மருத்துவர்கள் கேட்பார்களே என மைத்துனர் அதையும் கோப்பில் வைத்திருந்தார். குடல்வால் அறுவைச் சிகிச்சை. "மயக்கம் தெளிந்தபின் கடும் காய்ச்சல் கண்டது, மாலை இறந்தார்" என்று இருந்தது. அறுத்த புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்து இறந்ததாகவே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆய்வாளர் ஓரத்திலிருந்த நேரக் குறிப்பைப் பார்த்தார். "பத்து பத்துக்கு மயக்க மருந்து குடுத்திருக்காங்க. பத்து நாப்பதுக்குக் காய்ச்சல். அரை மணி நேரத்துல அறுத்து, தைச்சு, மயக்கமும் தெளிஞ்சு, காய்ச்சலும் வந்துடுச்சா?" என்று கேட்டார். மைத்துனர் "எனக்கு அப்போ ஏழு வயசுங்க" என்றார்.

6. இங்கே ஒன்றைத் தங்களுக்கு விளக்க வேண்டும். அந்தப் பழைய மருத்துவமனை இடம் மாறியபோது, மழையில் நனைந்த அதன் ஐந்து பதிவேடுகளும் இந்தப் பிரிவின் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. நகல் எடுப்பவர்கள் எப்படித் தவறு செய்கிறார்கள் என்பதே ஆய்வாளரின் ஆராய்ச்சிப் பொருள். கையெழுத்து மூலமும் அதன் தட்டச்சு நகலும் ஒருங்கே கிடைப்பது அரிது என்பதால் அவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஆகவே நகலைப் பார்த்ததுமே அதை அடித்த எழுத்தரை அடையாளம் கண்டுகொண்டார். அவரைப் பற்றி என்னிடம் சொன்னது: "ரொம்ப நல்ல மனுஷன். புரியாத எடம் வந்தா புரியுற மாதிரி மாத்திடுவாரு. அவராலதான் எனக்குப் பாதி வேலை." இந்தத் துறையில் ஒரு விதி இருக்கிறதாம். நகல் எடுப்பவர் வினோதமான சொல்லை வழக்கமான சொல்லாக மாற்றுவார். வழக்கமானதை யாரும் வினோதமாக மாற்றுவதில்லை. ஆகவே இரண்டு நகல்கள் முரண்பட்டால் வினோதமானதைத்தான் முதலில் நம்ப வேண்டும். அவர் இரண்டாம் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். அதில் மருத்துவரின் கையெழுத்தில் "மயக்கம் தெளியுமுன் கடும் காய்ச்சல்" என்று இருந்தது. மயங்கிக் கிடப்பவருக்குக் காய்ச்சல் ஏறுமா என்று எழுத்தர் யோசித்திருப்பார். நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார். இரண்டு தாள்களின் படிகளையும் இணைத்துள்ளேன்.

7. இந்தச் சொல் வேறுபாட்டுக்கு என்ன பொருள் என்று ஆய்வாளருக்குத் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்த மாடியில் ஏழு அறைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தேநீர் மேசைதான் இருக்கிறது. அங்கே பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து அறையில் இருப்பவர் பழ ஈக்களின் மரபணுக்களை ஆராய்பவர். மாடி முழுவதும் அவரை ஈக்காரர் என்றே கூப்பிடுகிறது; அவரும் திரும்பிப் பார்க்கிறார். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "மயக்கத்துல இருக்கும்போதேவா? உடம்பு வெறச்சுதுன்னு எழுதியிருக்கா பாருங்க" என்றார். அடுத்த வரியில் "தாடை இறுகியது" என்று இருந்தது. சில குடும்பங்களில் ஒரு மரபணுக் குறை உண்டு. சாதாரண நாளில் அதனால் எந்தத் தொந்தரவும் இராது. குறிப்பிட்ட சில மயக்க வாயுக்களைச் சுவாசித்தால் மட்டும் தசைகள் இறுகி, உடல் அடுப்பு போலச் சுட்டு, சில மணி நேரத்தில் உயிர் போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஈக்காரர் மைத்துனரைப் பார்த்து, "உங்க ஆபரேஷன் என்னைக்கு?" என்று கேட்டார். மைத்துனர் "நாளான்னைக்கு" என்றார்.

8. அம்மையீர், இந்த இடத்தில் ஓர் ஒப்புதலைப் பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் இந்த வளாகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு: "ஈ எண்ண ஓர் அறை, எறும்பு எண்ண ஓர் அறை." நாட்டில் எத்தனையோ குறைகள் இருக்க, இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். பத்திரிகை நன்றாக விற்றது. அந்தக் கட்டுரையை ஈக்காரர் தன் அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். மைத்துனரை அழைத்துவரப் போன அன்று அதைக் கண்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, "எழுத்து நல்லா இருந்துச்சு சார், அதான் கிழிக்கல" என்றார். அன்று மாலைக்குள் வளாக மருத்துவமனையின் மயக்க மருத்துவரிடம் அவரே எங்களை நடத்திக் கூட்டிச்சென்றார்.

9. அறுவைச் சிகிச்சை மூன்று வாரம் தள்ளி, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து நடந்தது. மைத்துனர் முழு நேரமும் விழித்திருந்து, மருத்துவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் கேட்டு, அதை இன்றுவரை போவோர் வருவோரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பரிசோதனையில் அவருக்கும் என் மனைவிக்கும் அந்தக் குறை இருப்பது உறுதியானது. எங்கள் மகளுக்கு இல்லை. மைத்துனரின் மூத்த மகனுக்கு இருக்கிறது. மூவரும் இப்போது பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள். எந்த மருத்துவமனையில் காட்டினாலும் போதும்.

10. என் மாமனாருக்கு வயது எண்பத்து நான்கு. ஆலையில் வேலை பார்த்தவர். மனைவியை அறுவை அறைக்குள் கொண்டுபோன பிறகு, வேலைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று ஆலைக்குப் போனவர், திரும்பி வந்தபோது மாமியார் நினைவில்லாமல் கிடந்தார். பிறகு கையில் கிடைத்த தாளில் "தெளிந்தபின்" என்று இருந்தது. அப்படியானால் அவள் கண் விழித்திருக்கிறாள், என்னைத் தேடியிருக்கிறாள், நான் அங்கே இல்லை. இப்படித்தான் அந்தச் சொல்லை அவர் ஐம்பத்தொரு ஆண்டுகளாகப் படித்திருக்கிறார். எங்கள் யாருக்கும் இது தெரியாது. பதிவேட்டின் படியை அவர் கையில் கொடுத்தபோது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது 'முன்'னுதான? 'பின்' இல்லையே?" என்றார். முன் என்றுதான் இருக்கிறது என்றேன். "அப்போ முழிக்கவே இல்ல" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தேடல" என்றார். என் மனைவி உள்ளே போய்விட்டாள். ஆய்வு நிறுவனங்களின் பயனை அளக்கத் தங்கள் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் பதினாறு கட்டங்கள் இருப்பதாக அறிகிறேன். இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று ஆய்வாளருக்குத் தெரியவில்லை. நோயாளிகள் என்ற கட்டத்தில் "ஒருவர், தவறி வந்தவர்" என்று மட்டும் உண்மையை எழுதி அனுப்பிவிட்டார்.

11. விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் நான் நன்றிக் கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன். முதல் பதிவேட்டில், மாமியார் இறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இதே போல் "தெளியுமுன்" இறந்த இன்னொரு பெண்ணின் குறிப்பு கிடைத்தது. உடன் வந்தவர் என்ற இடத்தில் என் மாமியாரின் பெயர். உறவு என்ற இடத்தில் "சின்னம்மா" என்று இருந்தது. ஈக்காரருக்கு இது போதவில்லை. அம்மாவின் தங்கையும் சின்னம்மாதான், சித்தப்பாவின் மனைவியும் சின்னம்மாதான். முன்னவர் இரத்த உறவு, பின்னவர் அல்ல. நுண்ணோக்கியில் தீர்க்க முடியாத இந்தச் சிக்கல் அதே மேசையில் ஐந்தாம் அறைக்காரரிடம் போனது. அவர் உறவுமுறைச் சொற்களை ஆராய்பவர். வீடு வீடாகப் போய் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி வருபவர். அவர் என் மாமனாரிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க வீட்டுல சித்தப்பா சம்சாரத்த எப்படிக் கூப்பிடுவீங்க?" மாமனார், "அது சித்தி. சின்னம்மான்னா அம்மாவோட தங்கச்சி மட்டுந்தான். மாத்திக் கூப்பிட்டா எங்க வீட்டம்மாவுக்குக் கோவம் வரும்" என்றார். இரத்த உறவு உறுதியாயிற்று.

12. அந்தச் சின்னம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். மூவரின் குடும்பங்களைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டோம். இரண்டு வீடுகளில் குறை இருப்பதும் தெரிந்தது. கடைசி மகள் திருமணமாகிப் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. உறவு விட்டுப்போயிற்று. அவர் தன் முதல் பிரசவத்துக்கு இதே மருத்துவமனைக்கு வந்தார் என்று மாமனார் உறுதியாகச் சொல்கிறார். அந்த ஆண்டு நான்காம் பதிவேட்டில் அடங்கும். இறப்புகளை மட்டுமே தட்டச்சு செய்தார்கள் என்பதால் பிரசவக் குறிப்புகளுக்கு நகல் கிடையாது. கணவர் பெயரும் முகவரியும் அந்த ஏட்டில் மட்டுமே இருக்க முடியும்.

13. நான்காம் பதிவேடு நனைந்து, காய்ந்து, செங்கல் போல ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் பிரித்தால் கிழியும். எதிர் அறையில் மண்ணின் ஈரத்தை ஆராய்பவர், தன் மண் மாதிரிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஈரக் காற்றுப் பெட்டியை இந்த ஏட்டுக்காகக் கொடுத்திருக்கிறார். அதில் வைத்து, நாளொன்றுக்கு நான்கு தாள் வீதம் ஆய்வாளர் பிரித்து வருகிறார். மொத்தம் 212 தாள்கள். நேற்று மாலை வரை 38 ஆகியிருக்கிறது. மீதி 174 தாளுக்கு நாற்பத்து நான்கு வேலை நாள் வேண்டும். ஆணைப்படி இருப்பது பதினான்கு வேலை நாள். அதற்குப் பிறகு ஏடு கழிவுக் கிடங்குக்கும், அதே பட்டியலின்படி மண் ஆய்வாளர் அறிவியல் கட்டடத்துக்கும், உறவுமுறை ஆய்வாளர் ஆற்றுக்கு அப்பால் உள்ள கட்டடத்துக்கும் போக வேண்டும். இனத்தோடு இனம் சேர்த்து வைத்தால் நிர்வாகம் எளிதாகும் என்பது எனக்குப் புரிகிறது. பத்திரிகை அலுவலகத்திலும் விளையாட்டுச் செய்தியாளரையும் நீதிமன்றச் செய்தியாளரையும் தனித்தனியே உட்கார வைத்துப் பார்த்தோம். அதன்பின் ஒருவர் கேள்விப்பட்டது இன்னொருவர் காதுக்கு எட்டவே இல்லை.

14. நன்றி சொல்ல வேண்டியவர்களில் தங்கள் அலுவலக எழுத்தர் ஒருவரும் இருக்கிறார். நான் விசாரிக்க வந்தபோது எரிந்து விழாமல் பட்டியலைக் காட்டியவர் அவர். "மூலம்னா வியாதின்னு நெனச்சுட்டோம் சார். மேல எழுதிக் குடுங்க, மேடம் படிப்பாங்க" என்றார். அவர் சொன்ன நம்பிக்கையில்தான் இந்த மனுவை எழுதுகிறேன். இதை முன்னிட்டு அவருக்கு எந்த வருத்தமும் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

15. ஆகவே, வரிசை எண் 43இல் உள்ள "மருத்துவம்" என்ற சொல்லை நீக்கி உரிய துறையைக் குறிக்கவும், அதன் அடிப்படையில் எழுந்த மூடல் ஆணையைத் திரும்பப் பெறவும், ஐந்து பதிவேடுகளையும் அவை இருக்கும் அறையிலேயே விட்டுவைக்கவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் மாடியின் ஏழு அறைகளையும் இப்போதுள்ளபடியே இருக்க விடுவது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதானால் அதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். இவற்றில் எதுவும் உடனடியாக இயலாதெனில், நாற்பத்து நான்கு வேலை நாட்களையாவது தந்துதவ வேண்டும்.

16. கடைசி மகளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது இருக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது இந்த வாரமே ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை இருக்கலாம். மேசையில் படுக்க வைப்பதற்கு முன், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்பார். எல்லா மருத்துவரும் கேட்பார்கள். இல்லை என்று அவர்கள் பதில் சொல்வார்கள். மனமறிந்து பொய் சொல்ல மாட்டார்கள். அந்தப் பதில் தவறு என்று அவர்களுக்குப் போய்ச் சொல்ல நாங்கள் தயாராக இருக்கிறோம். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது மட்டுமே தெரிய வேண்டும்.

பொறுமையாகப் படித்தமைக்கு நன்றி கூறி, தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ஓய்வுபெற்ற செய்தியாளர்

(கையொப்பம்)
மேற்படியாரின் மாமனார், ஆலைத் தொழிலாளி (ஓய்வு)

இடம்: பின்வாசல் தெரு
நாள்: இம்மாதம் 11